மாமனார், நான், ஒரு கொடுவா

எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் ஓர் ஒற்றை ஷூ இருக்கிறது. மலையேற்றத்துக்கென்று செய்த, கணுக்கால் வரை ஏறும் கனமான ஷூ. வலது காலுக்கு உரியது. லேஸ் கிடையாது. வெயிலில் வெளுத்து, உப்புப் பூத்து, நாக்கு வெளியே தொங்கிக்கொண்டு, ஓடிக் களைத்த நாய் மாதிரி இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் இன்னொன்று எங்கே என்று கேட்பார்கள். வங்காள விரிகுடாவில் என்பேன். சிரிப்பார்கள். நான் உண்மையைத்தான் சொல்கிறேன். சென்ற வருடம் வரை இந்த ஷூ ராயபுரத்தில் என் மாமனார் வீட்டில், டிவிக்குப் பக்கத்தில், மாமியாரின் சாமி படங்களுக்கு ஒரே ஒரு தட்டு கீழே வீற்றிருந்தது. தூக்கிப் போடச் சொல்லி மாமியார் எவ்வளவு மன்றாடியும் மாமனார் அசையவில்லை. “மாப்ள கெடச்ச கதைக்கு அதாம்மே அத்தாட்சி” என்பார். அந்தக் கதை இதுதான்.

மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி இறக்கும் ராட்சத கிரேனின் உச்சியில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். மனிதர்களைப் பார்க்கும்போதும் அவருக்கு அந்தக் கூண்டுப் பார்வைதான். தலையைச் சற்றே தாழ்த்தி, கண்ணைச் சுருக்கி, இந்தப் பெட்டி எத்தனை எடை இருக்கும், தூக்கலாமா விடலாமா என்பது போலப் பார்ப்பார். நானும் அவர் மகளும் கிண்டியில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். கல்யாணம் செய்துகொள்வதென்று நாங்கள் முடிவுசெய்து வெகுநாள் ஆகியும் அவர் முடிவுசெய்யவில்லை. என் சாதியோ சம்பளமோ அவருக்குப் பொருட்டே இல்லை. நான் தாம்பரத்துக்காரன் என்பதுதான் இடித்தது. எனக்கு முன்னால் தென்சென்னையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்த ஒருவன், காபியைக் கையில் வாங்கியதுமே, இங்கே எப்போதும் இப்படித்தான் நாற்றம் வருமா என்று கேட்டுக்கொண்டே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தியிருக்கிறான். மாமனார் ஜன்னலைத் திறந்துவிட்டு, அப்படியே வாசல் கதவையும் திறந்துவிட்டிருக்கிறார். அன்றிலிருந்து தெற்குப் பக்கத்து ஆள் என்றாலே அவருக்கு மூக்கின் மேல்தான் சந்தேகம்.

அதனால் நான் முதல் முறை அந்த வீட்டுக்குப் போனபோது என்னவள் ஒரே ஒரு எச்சரிக்கைதான் கொடுத்திருந்தாள். எதைப் பார்த்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. நான் சுளிக்கவில்லை. ஆனால் பதற்றத்தில் வேறொரு காரியம் செய்துவிட்டேன். பெருமை அடித்தேன். விடுமுறை கிடைத்தால் மலையேறப் போவேன், காடுமேடெல்லாம் நடப்பேன், கடலோரமாக நாள் முழுக்க நடந்தாலும் களைக்க மாட்டேன் என்று அளந்தேன். அலுவலக நண்பர்களோடு ஏதோ இரண்டொரு குன்றுகள் ஏறியது நிஜம். இறங்கி வந்தபின் லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்ததைச் சொல்லவில்லை. மாமனார் என்னைக் கூண்டுப் பார்வை பார்த்தார். பிறகு, “நம்மளும் நடக்கற ஆளுதான் தம்பி. ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் மொகத்துவாரம் வரிக்கும் கரையோரமாவே அட்டிக்கடி போய்னு வந்துகினு இருப்பேன். வர்ற ஞாயித்துக்கெழம வா. சேர்ந்து நடந்துட்டு வந்து மத்தத பேசிக்கலாம்” என்றார். மாமியார் கையிலிருந்த தட்டோடு அப்படியே நின்று அவரைப் பார்த்தார். தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் ஸ்கூட்டரை உதைக்கிற மனிதர் அவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவர் முழுப் பொய்யும் சொல்லவில்லை என்று பின்னால் புரிந்தது. கிரேன் உச்சியிலிருந்து பார்த்தால் வடக்கே காசிமேட்டுத் துறைமுகம், திருவொற்றியூர்க் குப்பங்கள், எர்ணாவூர், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், அதற்கும் அப்பால் எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் வெளுத்துக் கிடப்பது வரை தெரியுமாம். வருடக்கணக்காக அந்தக் கரையை இண்டு இடுக்கு விடாமல் பார்த்திருக்கிறார். கால்தான் வைத்ததில்லை. ஒருநாள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை உள்ளுக்குள் கிடந்திருக்கிறது. துணைக்கு ஒரு ஏமாளி கிடைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நான் முழு அலங்காரத்தோடு அவர் வீட்டு வாசலில் நின்றேன். புது ஷூ, முதுகுப்பை, ஊன்றுகோல், பையிலிருந்து தோள்வழியாக வாய்க்கு நேரே வந்து நிற்கும் தண்ணீர்க் குழாய். மாமனார் இஸ்திரி போட்ட வெள்ளை பேன்ட், துறைமுகத்தில் கொடுத்த ஆரஞ்சு நிற மின்னும் மேல்சட்டை, காலில் ரப்பர் செருப்பு, கையில் குடை, இன்னொரு கையில் மசால்வடைப் பொட்டலம் போட்ட மஞ்சள்பை என்று இறங்கி வந்தார். என் குழாயைத் தூக்கிப் பார்த்தார். “இன்னா தம்பி, குளுக்கோஸ் ஏத்திக்கினே நடப்பியா?” என்றார். எதிர்வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் எங்களைப் பார்த்து, சாலையில் ஏதோ பள்ளம் தோண்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, எப்போது மூடுவீர்கள் என்று கேட்டார்கள்.

காசிமேடு வரை சிறப்பாகத்தான் போனது. விசைப்படகுகள் வந்து மீன் இறக்கும் நேரம். ஐஸ் உடைக்கிற சத்தமும் ஏலக்கூச்சலுமாக இருந்த கூட்டத்தில், நான் அடிக்கொரு தரம் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, “கடல் வாசனையே தனி, அங்கிள்” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவருக்கு முகம் மலர்ந்தது. அதைத் தாண்டியதும்தான் கற்கள் ஆரம்பித்தன. கடல் ஊரை அரித்துவிடாமலிருக்கக் கரை நெடுக லாரி லாரியாகக் கொட்டிய கருங்கற்கள். சாலைக்கும் கடலுக்கும் நடுவே கரை என்று இருப்பது அங்கே பெரும்பாலும் அவைதான். கிரேன் மேலேயிருந்து பார்த்தவருக்கு அவை கடலைமிட்டாய்ச் சில்லுகள் மாதிரி தெரிந்திருக்கின்றன. கிட்டே போனால் ஒவ்வொன்றும் ஆளுயரம். ஒரு கல்லின் மேல் ஏறினால் அடுத்த கல் இடுப்புக்குக் கீழே, அதற்கடுத்தது நெஞ்சுக்கு நேரே. இடுக்குகளில் நண்டு ஓடியது. பாசி வழுக்கியது. எப்போதோ கரைத்த பிள்ளையார் ஒருவர் தும்பிக்கை மட்டும் மிச்சமாக ஓர் இடுக்கில் உட்கார்ந்திருந்தார். மாமனார் குடையை ஊன்றி, அது முறிந்து, அப்புறம் என் ஊன்றுகோலைக் கேட்காமலே வாங்கிக்கொண்டார்.

பத்தடி தள்ளி மேலே நல்ல தார்ச்சாலை போய்க்கொண்டிருந்தது. டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. லாரிக்கு அடியில் தூளி கட்டிப் படுத்திருந்த ஓட்டுநர்கள், நாங்கள் இருவரும் நான்கு கால்களில் தவழ்ந்து போவதைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர், “ரோடு மேல கீது சார்” என்று தகவல் சொன்னார். ஏறிவிடலாம் என்று நான் சொன்னால் நான் தோற்றவன். அவர் சொன்னால் அட்டிக்கடி நடக்கிற ஆள் என்ற பேச்சு பொய். இருவருமே காது கேட்காதவர்கள் போல அடுத்த கல்லுக்குத் தாவினோம். என் வாழ்க்கையே அந்த மனிதர் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்காக நான் எண்ணூர் என்ன, அப்படியே ஆந்திரா வரை தவழத் தயாராக இருந்தேன்.

திருவொற்றியூரைத் தாண்டும்போது காற்று திசை மாறியது. எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாத ஒரு ரசாயன வாடை, மூக்கில் நுழைந்து நேராகக் கண்ணுக்குப் போனது. எனக்குத் தாரை தாரையாக நீர் வழிந்தது. இதுதான் பரீட்சை என்று எனக்குப் பட்டது. ஜன்னலைச் சாத்தியவனின் கதி கண்முன் வந்தது. சிரித்த முகத்தோடு, “நல்ல காத்து, அங்கிள்” என்றேன். மாமனார் கண்ணையும் மூக்கையும் மேல்சட்டையில் துடைத்துக்கொண்டே, “ஆமா தம்பி, எங்க ஏரியா காத்தே காத்து” என்றார். இருமல் வந்தால் இருவரும் கடலைப் பார்த்துத் திரும்பி இருமினோம். இப்படி ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு, வடையையும் கல்லிடுக்கில் பறிகொடுத்து, எர்ணாவூர்ப் பக்கம் ஒரு குப்பத்தை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மாமனாருக்கு ஒரு செருப்பின் வார் பிய்ந்துவிட்டது. என் குதிகால் இரண்டும் புது ஷூவில் உரிந்துவிட்டன.

அங்கே கடலுக்குள் நீட்டிப் போட்ட இரண்டு கல்வரிசைகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் சேர்ந்திருந்தது. அந்த மணலில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையிலிருந்து இரண்டு கூட்டமாகப் பிடித்து இழுப்பது. பார்த்ததும் மாமனார் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கவே மாட்டேன். நிற்பதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டது. “தம்பி, இத்த நீ பாத்துக்கினியா? வா, கயித்த புடிச்சா மாரி ஒரு ஃபோட்டோ எட்துக்கலாம்” என்று விறுவிறுவென்று போய்க் கயிற்றைப் பிடித்தார். நானும் அவர் பின்னால் போய்ப் பிடித்து, கையை நீட்டி, இருவரும் சிரிக்க ஒரு படம் எடுத்தேன். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. எங்களுக்கு என்ன நேரப்போகிறது என்பது அதில் எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

படம் எடுத்து முடித்து மாமனார் கையை எடுக்கப் போனார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தலையில் துண்டு கட்டிய, வலைக்குச் சொந்தக்காரர். “இன்னா நைனா, கைய எட்க்கற?”

“இல்லப்பா, நாங்க மொகத்துவாரம் வரிக்கும் போவணும்.”

“அத்த கயித்துல கைய வெக்கறதுக்கு மின்ன யோசிச்சிருக்கணும். தொட்டவன் வலை கரையேற வரிக்கும் வுடக்கூடாது. நடுவுல வுட்டா வலை காலியா வரும்னு எங்க பெருசுங்க சொல்லிக் கீதுங்க. உன் ஃபோட்டோவுக்கோசரம் இத்தினி பேரும் வெறுங்கையா வூட்டுக்குப் போவணுமா?”

அது அந்தக் கரையின் வழக்கம். மிரட்டலாகக்கூட அவர் சொல்லவில்லை. மழை வந்தால் நனையும் என்கிற தொனியில் சொன்னார். மாமனார் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, “எங்களுக்கு இன்னா புதுசா, இஸ்த்து பழக்கம்தான்” என்றார். முன்னாலிருந்த யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்த போனில் கானா பாடிக்கொண்டிருந்தது. அந்தத் தாளத்துக்கு எல்லோரும் பின்னோக்கிச் சாய்ந்து சாய்ந்து அடியெடுத்து வைத்தார்கள். கரைமேட்டுக்கு வந்தவர் கயிற்றை விட்டு ஓடிப்போய் மறுபடி தண்ணீர் ஓரத்தில் பிடிக்க வேண்டும். அப்படி மாற்றி மாற்றி. அது மட்டும் விட்டதாகக் கணக்கில்லை. கடலின் அடியிலிருந்து யாரோ இன்னொரு பக்கம் இழுப்பது மாதிரி கயிறு கனத்தது. உள்ளங்கை எரிந்தது. என் மலையேற்றப் பயிற்சியெல்லாம் முதல் பாட்டு முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. மாமனார் நெம்புகோலைத் தவிர வேறெதையும் இழுத்துப் பழகாதவர். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அவர் விடாததால் நானும் விடவில்லை. நான் விடாததால்தான் தானும் விடவில்லை என்று பின்னாளில் அவர் சொன்னார்.

வலை கிட்ட வந்துவிட்ட நேரத்தில்தான் என் இடது கால் ஈரமணலில் கணுக்கால் வரை புதைந்தது. காயம் உறுத்தியதால் அந்த லேஸை ஏற்கெனவே தளர்த்தி வைத்திருந்தேன். ஒரு பெரிய அலை வந்து என்னை உருட்டியது. எழுந்தபோது காலில் ஷூ இல்லை. அலையோடு சேர்ந்து அது கடலுக்குள் போவது தெரிந்தது. மிதந்து, ஒருமுறை திரும்பிப் பார்த்து, மூழ்கியது. அதைத் துரத்தலாமா கயிற்றைப் பிடிக்கலாமா என்று ஒரு கணம் தடுமாறினேன். இன்னொரு அலை முதுகில் அறைந்தபோது என்னையறியாமல், “மாமா, புடிங்க” என்று கத்திவிட்டேன். அதுவரை அங்கிள்தான். அவர் ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் என் சட்டைக் காலரையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். எடை தூக்கியே பழகிய கை.

வலை கரையேறியது. பாலிதீனும் பாட்டிலும் பாதி, மீன் பாதி. பெரும்பாலும் காரப்பொடி என்கிற பொடிமீன், கொஞ்சம் நெத்திலி, நடுவே சில பெரிய மீன்கள். மூக்குத்தி போட்ட கட்டையான ஒரு அக்கா வந்து உட்கார்ந்து கூறு போட்டார். அவர் கையை ஆட்டினால் கூட்டம் ஓரடி பின்வாங்கியது. குப்பத்து ஆட்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு. வெளியிலிருந்து வந்து இழுத்தவர்களுக்கு வீட்டுக்கு ஒரு கூறு. பெரிய மீனைக் கரையில் வைத்து வெட்டிப் பிரிக்கும் பழக்கம் அங்கே இல்லை. முழுசாக ஒரு வீட்டுக்குத்தான் போகும். எங்கள் முறை வந்தபோது அவர் முன்னால் சிறிய காரப்பொடிக் கூறுகளும், முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா வைத்த பெரிய கூறு ஒன்றும் மிச்சமிருந்தன.

“நைனா, நீங்க ரெண்டு பேரும் ஒரே வூடா, தனித்தனி வூடா?” என்று அந்த அக்கா கேட்டார். “தனின்னா ஆளுக்கு ஒரு பொடிக் கூறு. ஒரே வூடுன்னா இத்த எட்துகினு போ.”

மாமனார் கொடுவாவைப் பார்த்தார். பிறகு என்னை, தலையிலிருந்து ஷூ இல்லாத அந்தக் கால் வரைக்கும், அதே கூண்டுப் பார்வை. மறுபடியும் கொடுவாவைப் பார்த்தார். எத்தனை மாதமாக அவர் மகளும் நானும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை, அந்த அக்கா ஒரு சேதியும் தெரியாமல், கையில் மீனோடு கேட்டுவிட்டார். “ஒரே வூடுதாம்மா” என்றார் மாமனார்.

முகத்துவாரத்துக்கு நாங்கள் போகவில்லை. மஞ்சள்பை வடையோடு போய்விட்டதால் கூறிலிருந்த காரப்பொடியை உடைந்த குடைக்குள் கட்டிக்கொண்டோம். கொடுவாவைத் தூக்க வழியில்லாமல் என் மிச்ச ஷூவின் லேஸை உருவி, செவுளில் கோத்து, மாமனார் கையில் தொங்கவிட்டுக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் யாரும் எங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டில் மாமியார் அந்தக் கொடுவாவைப் பார்த்துவிட்டு மாமனாரைப் பார்த்து, “இத்த யாரு துன்றது?” என்றார். அதன் அளவைப் பார்த்துத்தான் மலைக்கிறார் என்று நினைத்தேன். “மாப்ளைக்குப் போடு” என்றார் மாமனார். தலையும் நடுத்துண்டும் எல்லாமே என் தட்டுக்கு வந்தன. அவர் காரப்பொடி வறுவலைக் கடித்தபடி, நான் சாப்பிடுவதைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தோம்பல் என்றால் இதுதான் என்று நெகிழ்ந்துபோனேன்.

ஒற்றை ஷூவை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பும்போது படிக்கட்டு வரை வந்த என்னவள், அப்பா வழியில் ஏதாவது சொன்னாரா என்று கவலையோடு கேட்டாள். “என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. மீன் பிரிச்ச அக்காகிட்ட ஒரே வூடுன்னு சொன்னார். அப்படிச் சொன்னாத்தான் அந்தக் கொடுவா கிடைக்கும்” என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “கொடுவாவுக்காகச் சொன்னாரா? அப்போ நம்ம கல்யாணம் நிச்சயம்” என்றாள். என் விலை ஒரு மீன்தானா என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

கல்யாணம் நடந்தது. அதன் பிறகு இந்தக் கதையை நான் சொல்லாத இடம் கிடையாது. கொடுவாவைப் பார்த்து மயங்கிப் பெண்ணைக் கொடுத்த மனிதர் என்று அவரை வைத்துக்கொண்டே சொல்வேன். அவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். கேட்கிறவர்கள் நம்பாவிட்டால் உள்ளே போய் ஷூவை எடுத்துவந்து காட்டுவார். ஒவ்வொரு பண்டிகைக்கும் சீண்டுவதற்காகவே கொடுவா வாங்கிக்கொண்டு போவேன். அவர் அதைக் கையில் வாங்கி, எடை பார்த்து, பிரமாதம் என்று சொல்லி, எல்லாத் துண்டுகளையும் என் இலைக்கும் பேரப்பிள்ளைகள் இலைக்கும் அனுப்பிவிடுவார். மாப்பிள்ளை மரியாதை. உண்மையைச் சொல்லுங்கள், அன்றைக்கு மீனுக்காகச் சொன்னீர்களா எனக்காகச் சொன்னீர்களா என்று பலமுறை கேட்டிருக்கிறேன். “ரெண்டும் ஒரே வலைலதான மாப்ள வந்துச்சி” என்பார். அதற்கு மேல் அவர் வாயைப் பிடுங்க முடியாது.

சென்ற வருடம் ஒரு காலை, நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். மாமியாரை எங்களோடு அழைத்துவர வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம். சாமி படங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த மாமியார், கீழ்த்தட்டிலிருந்த ஷூவைக் கையில் எடுத்தார். இப்போதாவது அது குப்பைக்குப் போகும் என்று நினைத்தேன். அவர் அதையும் ஒரு பழைய புடவைத் துண்டால் துடைத்தார். சூழ்நிலையை லேசாக்கலாமென்று நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். ஒரு கொடுவாவுக்கு மயங்கிப் பெண்ணைக் கொடுத்தாரே மனிதர் என்றேன்.

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். “இன்னுமா மாப்ள அத்த நம்பிக்கினு கீறீங்கோ? அவுரு எங்க கொடுவா துன்னாரு? துன்னா ஒடம்பு பூரா தடிச்சிப்பூடும். எங்க கண்ணாலமான புதுசுல ஒருதபா துன்ட்டு ஆஸ்பத்திரில கெடந்தாரு. அதுலேர்ந்து அத்த வாயில வெச்சதே இல்ல. அன்னிக்கி அந்த மீன தூக்கிக்கினு உள்ள வந்தப்பவே எனுக்குத் தெரிஞ்சி போச்சி, உங்களதான் எட்துகினு வந்துகீறாருன்னு.”

வாசலில் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த மனைவி, அன்று படிக்கட்டில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். இந்த முறை அது பாதியில் அழுகையாகிவிட்டது. ஏன் இத்தனை வருடம் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். “அப்பாதான் சொல்லக்கூடாதுன்னுட்டார். மாப்ள சொல்ற கதை நல்லாக் கீது, அத்த கெடுக்காதீங்கன்னார்” என்றாள். நான் ஷூவை மாமியார் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அதற்குள் இன்னும் கொஞ்சம் எர்ணாவூர் மணல் இருந்தது. லாரியில் ஏற்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு மீனுக்காக என்னை ஏற்றுக்கொண்டவர் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவரும் பக்கத்தில் நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.